குழலுக்கு முன்னால் நின்றவர்

இரண்டு உலகப் போர்களினதும் கைத்துப்பாக்கிகளைத் தேடிச் சேகரிப்போரின் உலகம் தனியானது. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இவர்களுக்கென்று சந்தைகள் உண்டு, ஏலங்கள் உண்டு, தடித்த விபரப்பட்டியல்கள் உண்டு. ஆயுதத்துக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடிவந்த நாம், அதே ஆயுதம் துணி விரித்த மேசையில் படுத்திருக்க, சாதுவான முதியவர்கள் உருப்பெருக்கிக் கண்ணாடியுடன் அதன்மேற் குனிந்து நிற்பதைப் பார்க்கிறோம். அவர்களைக் கொலைவெறியர் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். அது உண்மையுமல்ல. எமக்குரிய கேள்வி வேறு. மனிதரைக் கொல்வதற்கென்றே செய்யப்பட்ட ஒரு பொருள் எப்போது வெறும் அரும்பொருளாகிறது? அப்படி ஆக்கும் உரிமை யாருக்கு உண்டு?

முதலில் அந்தப் பொருளின் கவர்ச்சியை ஒப்புக்கொள்வோம். ஜோர்ஜ் லூகர் வடிவமைத்த கைத்துப்பாக்கியை 1900இல் சுவிஸ் இராணுவமும், 1904இல் ஜேர்மன் கடற்படையும், 1908இல் ஜேர்மன் தரைப்படையும் ஏற்றுக்கொண்டன. சுடும்போது அதன் மேற்பகுதி, முழங்கால் மடிவதுபோல் மேலெழுந்து மடிந்து, வெற்றுக் கோதை வெளியே எறிந்து, அடுத்த ரவையை உள்ளே தள்ளிக்கொண்டு மீண்டும் நிமிரும். அதன் சின்னஞ்சிறு பாகங்களிலும்கூடத் தொடரிலக்கத்தின் கடைசி இரண்டு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். சேகரிப்போர் முதலிற் பார்ப்பது இதைத்தான். எல்லா இலக்கங்களும் ஒத்திருந்தால் ஒரு விலை. ஒரு பாகம் மாறியிருந்தாலும் விலை இறங்கிவிடும்.

மௌசர் துப்பாக்கிக்கும் இப்படி ஒரு கதை. 1916இல் ஜேர்மன் இராணுவம் 9 மில்லிமீற்றர் ரவைக்கேற்ற 1,50,000 துப்பாக்கிகளை அந்தத் தொழிற்சாலையிடம் கேட்டது. பழைய 7.63 ரவையை யாரும் மாறிப் போட்டுவிடக்கூடாதென்று மரப்பிடியில் பெரிதாக ஒரு 9 செதுக்கி அதற்குச் சிவப்பும் பூசினார்கள். இன்று அந்தச் சிவப்பு மங்காதிருப்பது ஒரு பெருமை. 1945இல் ஊர் திரும்பிய அமெரிக்கச் சிப்பாய், தான் கைப்பற்றிய துப்பாக்கியைக் கொண்டுசெல்ல மேலதிகாரி கையெழுத்திட்டுக் கொடுத்த துண்டுச் சீட்டும் கூடவே கிடைத்தால் விலை இன்னும் ஏறும். அந்தச் சீட்டில் எடுத்தவரின் பெயர் இருக்கும். யாரிடமிருந்து எடுத்தார், அவர் அப்போது உயிரோடிருந்தாரா என்பது இராது.

சேகரிப்போர் சொல்லும் நியாயங்கள் மூன்று. இரும்புக்கு மனமில்லை, கொன்றவன் மனிதன் என்பது ஒன்று. இவை வரலாற்றின் சாட்சிகள், உருக்கிவிட்டால் சாட்சியும் போய்விடும் என்பது இரண்டு. எல்லாம் பழங்கதை, காலம் ஆற்றிவிட்டது என்பது மூன்று. மூன்றையும் அலட்சியப்படுத்த முடியாது.

சாட்சி என்பதை முதலில் எடுத்துக்கொள்வோம். 1940இல் சோவியத் இரகசியப் பொலிஸ் ஏறத்தாழ 22,000 போலந்துக் கைதிகளைக் கொன்றது. பெரும்பாலும் பின்தலையில் ஒரே வெடி. 1943இல் கட்டின் காட்டுப் புதைகுழிகளை ஜேர்மனியர் தோண்டியபோது கிடைத்த ரவைக் கோதுகள் ஜேர்மனியிற் செய்யப்பட்டவை. கொலையாளிகள் பாவித்தவற்றில் ஜேர்மன் வால்தர் துப்பாக்கிகளும் இருந்தன. இரும்பை மட்டும் சாட்சிக்கு அழைத்திருந்தால் அது ஜேர்மனியைத்தான் காட்டியிருக்கும். 1990 வரை மொஸ்கோவும் ஜேர்மனியைத்தான் காட்டிக்கொண்டிருந்தது. துப்பாக்கியில் செய்தவனின் முத்திரை இருக்கிறது. சுட்டவனின் முத்திரை இல்லை. சாட்சி சொல்வது மனிதர்கள்தான். அவர்கள் சொல்லாதவிடத்து இரும்பு எவர் பக்கமும் பேசும்.

போலந்தின் ராடொம் நகரத் தொழிற்சாலையின் கதை இதைவிடக் கசப்பானது. அங்கு செய்யப்பட்ட விஸ் என்ற கைத்துப்பாக்கி அக்காலத்தின் மிகச் சிறந்தவற்றுள் ஒன்று என்பார்கள். 1939இல் நாட்டைப் பிடித்த ஜேர்மனியர் அத்தொழிற்சாலையைத் தமக்காக இயக்கினர். முழுத் துப்பாக்கி எதிர்ப்பியக்கத்தின் கைக்குப் போய்விடும் என்ற பயத்தில் குழலை மட்டும் ஒஸ்திரியாவின் ஸ்ரையரிற் செய்தார்கள். அப்படியிருந்தும் தொழிலாளர்கள் பாகங்களைக் கடத்தினார்கள். 1942 ஒக்ரோபரில் இதற்காகத் தொழிலாளரும் அவர்களைச் சேர்ந்தோரும் பகிரங்கமாகத் தூக்கிலிடப்பட்டனர். இன்றைய சந்தையில், போருக்கு முந்திய போலந்துக் கழுகு பொறித்த விஸ் பெருவிலை போகும். ஆக்கிரமிப்புக் காலத்து விஸ் ஏராளம் என்பதால் மலிவு. எந்தத் துப்பாக்கியின் ஒரு பாகத்துக்காகக் கயிற்றில் தொங்கினார்களோ, அதுவே மலிவானது. சந்தையைக் குறைசொல்லிப் பயனில்லை. அரிதானதற்கு விலை வைப்பதே அதன் தொழில். ஆனால் அந்த விலையை வரலாறு என்று அழைக்கவேண்டாம் என்று நாம் கேட்கலாம்.

இரும்புக்கு மனமில்லை என்பது உண்மை. ஆனால் வேலை உண்டு. உலகப் போர்களிற் பெருந்தொகையானோரைக் கொன்றவை பீரங்கியும் இயந்திரத் துப்பாக்கியும் குண்டுவீச்சும். கைத்துப்பாக்கி பெரும்பாலும் அதிகாரியின் இடுப்பில் இருந்தது. அது அதிகாரத்தின் அடையாளம். அதன் தூரம் சில அடிகள். முன்னால் நிற்பவரின் முகம் தெரியும் தூரம். பல வேளைகளில் அவர் கைகட்டப்பட்ட கைதி, அல்லது ஓட முயன்ற சொந்தச் சிப்பாய்.

ஜப்பானிய இராணுவத்தின் 14ஆம் வகைத் துப்பாக்கியை நம்பு என்று அழைப்பார்கள். வடிவமைத்தவரின் பெயர் அது. எமது காதுக்கு வேறுவிதமாகக் கேட்கிறது. அதில் செய்த காலம் சக்கரவர்த்தியின் ஆட்சியாண்டில் பொறிக்கப்பட்டிருக்கும். 18.6 என்றிருந்தால் 1943 ஜூன். இலக்கத்தை வாசிக்கத் தெரிந்த சேகரிப்பாளர் ஆண்டையும் மாதத்தையும் உடனே சொல்லிவிடுவார். அந்த மாதத்தில் சயாம் - பர்மா ரயில்பாதையில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று கேட்டால் போர்க்கைதிகளைப் பற்றியும் சொல்லக்கூடும். 415 கிலோமீற்றர் பாதை. அதிற் செத்த நேசநாட்டுக் கைதிகள் 12,000க்கு மேல். காஞ்சனபுரியில் பெயர் பொறித்த அவர்களது கல்லறைகள் இன்றும் புல்வெட்டிப் பராமரிக்கப்படுகின்றன. அதே பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரக்கணக்கில் மாண்டனர். அவர்களிற் பெரும்பாலோரைக் கொன்றது ரவையல்ல. வாந்திபேதியும் பட்டினியும் ஓயாத வேலையும். ஆனால் அவர்களை அங்கு நிறுத்திவைத்த அதிகாரத்தின் இடுப்பில் இந்தத் துப்பாக்கியும் இருந்தது. துப்பாக்கிக்குத் தொடரிலக்கம் இருக்கிறது, ஆண்டும் மாதமும் இருக்கின்றன. அந்த மனிதரிற் பெரும்பாலோருக்குப் பெயர் பொறித்த ஒரு கல்லுமில்லை.

இனி, காலம். ஒரு ஆயுதம் எப்போது பழம்பொருளாகிறது என்பதைச் சட்டங்கள் ஆண்டுக் கணக்கில் தீர்மானிக்கின்றன. 1996இல் டன்பிளேன் பாடசாலையில் 16 குழந்தைகளும் அவர்களது ஆசிரியையும் சுட்டுக்கொல்லப்பட்ட பின்னர், பிரித்தானியா 1997இல் கைத்துப்பாக்கிகளைத் தடைசெய்தது. ஆயினும் 1919க்கு முன் செய்யப்பட்ட, ரவை எளிதிற் கிடைக்காத வகைகளை அனுமதியுடன் வைத்திருக்க ஒரு வழி விட்டது. அமெரிக்காவில் 50 ஆண்டு கடந்த துப்பாக்கி சேகரிப்புக்குரிய பழம்பொருட் பிரிவிற் சேரும். இந்தக் கணக்கை நாமும் ஒருமுறை போட்டுப் பார்க்கவேண்டும். எமது இளைஞர்கள் முதன்முதல் கைத்துப்பாக்கி தூக்கிய எழுபதுகளிற் செய்யப்பட்டவை இப்போது அந்தப் பிரிவுக்குள் வந்துகொண்டிருக்கின்றன. இரும்புக்கு வயது போய்விட்டது. மகனைப் பறிகொடுத்து இன்னும் வாசலைப் பார்த்திருக்கும் தாய்க்கு அந்தக் காலம் போகவில்லை. காலம் ஆற்றிவிட்டது என்பவர் யாருடைய காயத்தைச் சொல்கிறார் என்று கேட்காமல் அந்த வாக்கியத்தை ஏற்கமுடியாது.

2009க்குப் பின்னர் புதுக்குடியிருப்பில், கைப்பற்றிய ஆயுதங்களையும் படகுகளையும் படையினர் வரிசையாகக் காட்சிக்கு வைத்தனர். தெற்கிலிருந்து பஸ்களில் மக்கள் வந்து பார்த்தனர். அங்கும் இரும்புக்கு விளக்கம் எழுதியிருந்தது. அந்த மண்ணிற் செத்த சனங்களுக்கு இடமிருக்கவில்லை. வென்றவர் அப்படித்தான் அடுக்குவார் என்று சொல்லி நாம் ஒதுங்கிவிடலாம். ஆனால் எமது பக்கத்து அலுமாரியும் வேறுமாதிரியில்லை. எந்த இயக்கம் எந்த ஆண்டில் எந்தத் துப்பாக்கியை வைத்திருந்தது என்று விரல்விட்டுச் சொல்லும் நண்பர்கள் ஒவ்வொரு புலம்பெயர் நகரத்திலும் உண்டு. அந்தக் குழல்களுக்கு முன்னால் நின்றவர்களிற் பலர் தமிழர்கள். மின்கம்பத்திற் கட்டப்பட்டவர்கள், மாற்று இயக்கத்துப் பிள்ளைகள், ஒரு சொல் அதிகம் பேசிய ஆசிரியர்கள். அவர்களின் பெயர்களை அதே சரளத்துடன் எம்மாற் சொல்லமுடிகிறதா?

வியன்னாவின் இராணுவ வரலாற்று நூதனசாலைக்கு 2004இல் ஒரு சிறிய பிரௌணிங் துப்பாக்கி வந்து சேர்ந்தது. 1914 ஜூன் 28இல் சரயேவோவில் கவ்ரிலோ பிரின்சிப் ஒஸ்திரிய இளவரசரையும் மனைவியையும் சுட்டதென்று சொல்லப்படுவது. கத்தோலிக்க யேசு சபையினர் பல தசாப்தங்களாக வைத்திருந்து கொடுத்தது. அதே நூதனசாலையில் இளவரசர் பயணம் செய்த கார் நிற்கிறது. அவரின் இரத்தம் தோய்ந்த மேலங்கியும் இருக்கிறது. குழலின் இரண்டு பக்கமும் ஒரே கூரையின் கீழ். ஒரு துப்பாக்கியைப் பாதுகாக்கும் நேர்மையான வழி இதுதான் என்று எமக்குப் படுகிறது. இளவரசருக்குக் கிடைத்தது ராடொம் தொழிலாளிக்கும் மலாயாக் கூலிக்கும் கிடைக்கவில்லை என்பதே கணக்குத் தீராத பகுதி.

ஆகவே எல்லாத் துப்பாக்கிகளையும் உருக்கிவிடுங்கள் என்று நாம் கேட்கவில்லை. வைத்திருப்பவர் வைத்திருக்கட்டும். இலக்கத்தை வாசிக்க எடுக்கும் பொறுமையில் ஒரு பங்கையாவது, முன்னால் நின்றவரைத் தேடவும் எடுக்கட்டும். தேடிக் கிடைக்காவிட்டால் அந்த இடம் வெறுமையாக இருக்கிறதென்று பட்டியலில் ஒரு வரி எழுதட்டும். அந்த வரியை எழுதாத சேகரிப்பு நினைவின் உடுப்புப் போட்ட மறதி. பிறரிடம் இதைக் கேட்பதற்கு முன், எமது சொந்தப் பட்டியலில் நாம் அதை எழுதத் தொடங்கவேண்டும்.