உன் சூட்டை வானத்துக்குக் கொடுக்காதே!

நம் ஊர் சுந்தரபாண்டியத்தில் மார்கழிப் பனி இலையை நனைக்கும். வெயில் ஏறினால் இருந்த இடம் தெரியாது. நம் கத்தரி நாற்றுக்கும் மிளகாய் நாற்றுக்கும் சித்திரை வெயில்தான் எமன். அதற்கு நிழல்வலை கட்டத் தெரிந்தவர்கள் நாம்.

தம்பி, தங்கச்சி, இதே மார்கழியில் உதகைப் பக்கம் போய்ப் பாருங்கள். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை அங்கே விழுவது உறைபனி. விடியும்போது தலைக்குந்தாவிலும் காந்தலிலும் புல்வெளி வெள்ளைவெளேரென்று கிடக்கும். இலைக்குள் இருக்கும் நீரே பனிக்கட்டியாகித் திசுக்களைக் கிழிக்கும். உருளைக்கிழங்கு இலையும் பீன்ஸ் கொடியும் ஒரே இரவில் கருகும்.

அதற்காக அந்த மலைக்காரர்கள் மண்வெட்டியைத் தூக்கி எறிந்துவிட்டார்களா? எறிந்திருந்தால் ராஜபாளையம் கடைகளில் ஊட்டி கேரட் என்று கூவி எதை விற்பார்கள்?

முதலில் அவர்கள் பனியைப் படித்தார்கள். மேகம் மூடிய இரவில் உறைபனிக்கு வேலை இல்லை. வானம் தெளிந்து, காற்றும் அசையாத இரவில்தான் அது இறங்கும். பகலெல்லாம் மண் வாங்கி வைத்த சூடு, தடுக்க ஆளில்லாமல் வானத்துக்குப் போய்விடும். குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். அதனால் மேட்டுப் பாத்தி தப்பும், பள்ளத்துப் பாத்தி கருகும்.

படித்ததும் கையைக் கட்டி உட்காரவில்லை. 1848-இல் உருவான உதகை தாவரவியல் பூங்காவில், மே மாத மலர்க் கண்காட்சிக்கான நாற்றுகளைக் கோத்தகிரி மிலார்ச் செடிகளால் மூடிக் காக்கிறார்கள். வீட்டுத் தோட்டம் வைத்திருப்பவருக்குக் காய்ந்த புல்லும் சாக்கும் போதும். பொழுது சாயும் முன் மண்ணை நனைக்க வேண்டும். ஈர மண் சூட்டைக் கூடுதலாகப் பிடித்து வைக்கும். நாற்றைச் சுற்றிக் குச்சி நட்டு, சாக்கு இலையில் படாமல் தரைவரை மூட வேண்டும். வெயில் வந்ததும் திறக்க வேண்டும்.

இங்கே கவனி! அந்தச் சாக்குக்குள் நெருப்பு இல்லை. அது இம்மி சூட்டையும் தருவதில்லை. மண்ணில் ஏற்கெனவே இருக்கும் சூட்டை வெளியே விடாமல் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். அந்தச் சூடு போதும், நாற்று பிழைக்க!

உனக்கும் அது போதும்! போட்டித் தேர்வுக்குப் படிக்கிறாயா? சின்னதாய்க் கடை போட்டிருக்கிறாயா? 'யாராவது வந்து என்னை ஊக்கப்படுத்த மாட்டார்களா' என்று ஏன் ஏங்குகிறாய்? பள்ளிக்கூடத்தில் கற்றது, அப்பா அம்மாவின் உழைப்பைப் பார்த்து வளர்ந்தது, தோற்ற பிறகும் மறுபடி விண்ணப்பம் போட்டது, எல்லாம் உனக்குள் ஏறிய சூடுதான். அதை எங்கே கொட்டுகிறாய்? நள்ளிரவுவரை கைப்பேசியிலா? 'உனக்கெதுக்குடா இதெல்லாம்' என்று இளிக்கிறவர்கள் கூடும் பள்ளத்திலா? எழுந்து மேட்டுக்கு வா! தினமும் உன் வேலைக்கென்று இரண்டு மணி நேரத்தை மூடிக் காப்பாற்று. விடிந்ததும் திறந்துகொண்டு வெளியே வா. கேள்வி கேள், போட்டியில் நில். எந்நேரமும் மூடியே கிடக்கும் நாற்று வெளிறித்தான் போகும்.

இன்னொன்றும் கேள். குளிர் நாடுகளில் பழத்தோட்டக்காரர்கள் உறைபனி இரவில் மரங்கள்மேல் தண்ணீர் தெளிப்பார்கள். ஒரு கிராம் நீர் உறையும்போது ஏறக்குறைய 80 கலோரி வெப்பம் வெளிவரும். மொட்டைக் காப்பது அதுதான். ஆனால் பனிக்கட்டி உருகத் தொடங்கும்வரை தெளிப்பு நிற்கக் கூடாது. பாதியில் நிறுத்தினால், ஆவியாகும் நீர் இருக்கிற வெப்பத்தையும் பிடுங்கிக்கொண்டு போகும். தெளிக்காமலே விட்டதைவிட மோசம். அரைகுறை முயற்சிக்கு இயற்கை கொடுக்கும் தண்டனை இது! தொடங்கினாயா? பனிக்கட்டி உருகும்வரை நிறுத்தாதே!

மீறியும் கருகிவிட்டதா? அவசரப்பட்டுப் பிடுங்காதே. இலை கருகிய உருளைக்கிழங்கு மண்ணுக்குள்ளிருந்து மறுபடி துளிர்ப்பதுண்டு. உன் மதிப்பெண் கருகியிருக்கலாம், முதல் கடை கருகியிருக்கலாம். உன் வேரைத் தோண்டிப் பார்த்தது யார்?

உறைபனி உன்னைக் கேட்டுக்கொண்டு வராது. நீயும் ஊரைக் கேட்டுக்கொண்டு நிற்காதே. இன்று பொழுது சாயும் முன் மூடு! விடிந்ததும் திற! நாளையும் பனி விழுமா? நாளையும் மூடு! பனி சலித்துப் போகட்டும், நீ சலிக்காதே!