யார் மீது சோதிப்பது?

2021 மே மாதம். என் மனைவிக்கு அப்போது ஐந்தாம் மாதம். கொரோனாவின் இரண்டாவது அலை உச்சத்தில் இருந்தது. 18 வயது தாண்டிய எல்லோருக்கும் தடுப்பூசி என்று அறிவித்திருந்தார்கள். அவள் வங்கியில் வேலை பார்ப்பவள். கவுன்டருக்கு ஒரு நாளைக்கு நூறு பேராவது வருவார்கள். அதனால் பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடத்தில் நடந்த முகாமுக்குப் போய் வரிசையில் நின்றோம். டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்த நர்ஸ் அவள் வயிற்றைப் பார்த்துவிட்டு, "மாசமா இருக்கியாம்மா? உனக்குக் கிடையாது. உன் பாதுகாப்புக்குத்தான் சொல்றோம்" என்றார். உண்மையைச் சொன்னால், நான் நிம்மதியாகத்தான் வீடு திரும்பினேன்.

அந்த 'பாதுகாப்பு' என்ற சொல்லைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

தடுப்பூசிகளுக்காக 2020இல் நடந்த பெரிய பரிசோதனைகளில் கர்ப்பிணிகளைச் சேர்க்கவில்லை. சேர்க்காததால் தரவு இல்லை. தரவு இல்லாததால் ஊசி இல்லை. எங்கள் தொழிலில் இதற்கு டெட்லாக் என்று பெயர். ஒன்றுக்காக இன்னொன்று காத்திருக்கும், எதுவும் நகராது. ஆனால் வைரஸ் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. அந்த நோய் வந்தால் கர்ப்பிணிகளுக்குத் தீவிரமாகும் வாய்ப்பு கூடுதல் என்பது அதற்குள் தெரிந்துவிட்டிருந்தது.

ஜூலை 2 அன்று இந்திய அரசு கர்ப்பிணிகளும் போட்டுக்கொள்ளலாம் என்று அனுமதித்தது. இப்போது தயங்கியது நான்தான். "இன்னும் மூணு மாசம்தானே, பிரசவம் ஆயிடட்டுமே" என்றேன். அவள் திருப்பிக் கேட்டாள்: "ஊசி போட்டா என்ன ஆகும்னு நாலு நாளா படிக்கற. போடாம இருந்தா என்ன ஆகும்னு படிச்சியா?" நான் படித்திருக்கவில்லை. போடாமல் இருப்பதை நான் ஒரு முடிவாகவே நினைக்கவில்லை. அது வெறுமனே இருப்பது என்று நினைத்திருந்தேன்.

அவள் போட்டுக்கொண்டாள். நாலு வாரம் கழித்து, 32ஆம் வாரத்தில், ஒரு ராத்திரி வலி வந்துவிட்டது. ஆட்டோவில் போகும்போது என் தலைக்குள் ஓடியதெல்லாம் ஒன்றுதான்: ஊசியாலதானோ? வாய்விட்டுச் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்திருக்கும்.

ஒரு ப்ரோக்ராம் விழுந்தால் கடைசியாக யார் என்ன மாற்றினார்கள் என்று பார்ப்பது எங்கள் பழக்கம். பல நேரம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் உலகத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு குழந்தை குறைமாதத்தில்தான் பிறக்கிறது, ஊசி இருந்தாலும் இல்லாவிட்டாலும். ஒரே ஒரு கர்ப்பத்தை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் காரணம் தெரியாது. போட்டவர்களையும் போடாதவர்களையும் பக்கத்தில் வைத்து எண்ணினால்தான் தெரியும். பின்னால் பல நாடுகளில் அப்படி எண்ணினார்கள். தடுப்பூசியால் குறைப்பிரசவம் கூடவில்லை என்று தெரிந்தது. அது தெரியும்வரை என்னைப் போன்ற கணவர்களும் அவளைப் போன்ற மனைவிகளும் அந்தக் கேள்வியோடுதான் படுத்து எழுந்தோம்.

மருத்துவமனையில் டாக்டர் சொன்னார்: "குழந்தையோட நுரையீரலுக்காக ஸ்டீராய்டு ஊசி போடறோம். 24 மணி நேர இடைவெளில ரெண்டு. அதுவரைக்கும் பிரசவத்தத் தள்ளிப்போடப் பாக்கறோம்." நான் படிக்காமலே கையெழுத்துப் போட்டேன். தடுப்பூசிக்கு நாலு நாள் யோசித்தவன், அதே உடம்பில் போகிற இன்னொரு மருந்துக்கு நாலு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. அவசரம் ஒரு காரணம். இன்னொரு காரணம், அந்தக் கேள்விக்கு யாரோ ஏற்கெனவே பதில் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள்.

யார் அவர்கள் என்று மகள் வீட்டுக்கு வந்த பிறகுதான் தேடினேன். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் லிகின்ஸ் என்ற மகப்பேறு மருத்துவர் ஆடுகளை வைத்துப் பிரசவ வலி எப்படித் தொடங்குகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். ஸ்டீராய்டு கொடுத்ததில் குறைமாதத்தில் பிறந்த ஒரு குட்டி எதிர்பார்த்ததைவிட அதிக நேரம் உயிரோடு இருந்தது. அதன் நுரையீரலில் காற்றுப் போயிருந்தது. அதைக் கவனித்தவர், ஹோவி என்ற குழந்தை மருத்துவரோடு சேர்ந்து பெண்களிடம் பரிசோதனை நடத்தினார். 1972இல் வெளியான முடிவில் 282 தாய்மார்கள். எதிர்பாராமல் குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளில், மருந்து பெறாத பிரிவில் 25.8 சதவீதத்துக்கு மூச்சுத்திணறல் நோய் வந்தது. மருந்து பெற்ற பிரிவில் 9 சதவீதம்.

அந்த 25.8 என்ற எண்ணில் நான் ரொம்ப நேரம் நின்றேன். அது வெறும் எண் இல்லை. மருந்து கிடைக்காத பக்கம் விழுந்த தாய்மார்களின் குழந்தைகள் அவர்கள். அந்த எண் இல்லாவிட்டால் இன்னொரு எண்ணுக்கு அர்த்தமே கிடையாது. என் மகள் மூச்சுவிட்டதில் அவர்களுக்கும் பங்கு உண்டு. அப்படியென்றால், பலனை வாங்கிக்கொண்டு "என் வீட்டுப் பெண்ணிடம் மட்டும் சோதிக்காதீர்கள்" என்று சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

இருக்கிறது என்பவர்கள் தாலிடமைடைச் சொல்வார்கள். 1957இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தூக்க மருந்து. மசக்கைக்கும் கொடுத்தார்கள். கை கால் குறைபாட்டோடு பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் பிறந்ததாகக் கணக்கு. ஆனால் அந்தக் குழந்தைகள் ஒரு ஆராய்ச்சியில் பாதிக்கப்பட்டவர்கள் இல்லை. ஒழுங்காக ஆராயாமல் விற்றதால் பாதிக்கப்பட்டவர்கள். 'சோதிக்காமல் கொடுக்காதே' என்பதுதான் அதன் பாடம். 'கர்ப்பிணியைச் சோதனைக்குள் விடாதே' என்று உலகம் அதைப் படித்துக்கொண்டது. சோதனைக்குள் விடாவிட்டால் ஆபத்து ஒழிந்துவிடுவதில்லை. அது வார்டுக்கு இடம் மாறுகிறது. அங்கே நடப்பதும் சோதனைதான். என்ன, யாரும் குறித்துவைப்பதில்லை.

இன்னொரு எதிர்வாதம் இதைவிடக் கனமானது. 1950களின் தொடக்கத்தில் சிகாகோவில் டிஇஎஸ் என்ற செயற்கை ஹார்மோன் கருச்சிதைவைத் தடுக்கிறதா என்று 1,600க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளிடம் சோதித்தார்கள். தடுக்கவில்லை என்று 1953இல் தெரிந்தது. ஆராய்ச்சி தன் வேலையைச் செய்துவிட்டது. இருந்தும் மருத்துவர்கள் எழுதிக்கொடுப்பதை நிறுத்தவில்லை. அதைச் சாப்பிட்ட தாய்மார்களின் மகள்களுக்கு அபூர்வமான ஒரு புற்றுநோய் வருகிறது என்று 1971இல் தெரியும்வரை அது தொடர்ந்தது. இதில் இன்னொரு அநியாயமும் உண்டு. தாங்கள் ஒரு சோதனையில் இருக்கிறோம் என்பதே தங்களுக்குச் சொல்லப்படவில்லை என்று அந்தப் பெண்களில் சிலர் பின்னால் வழக்குப் போட்டார்கள்.

முகாமின் வரிசையையும் சிகாகோவின் வார்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். ஒரு இடத்தில் சொல்லாமல் சேர்த்துக்கொண்டார்கள். இன்னொரு இடத்தில் கேட்காமல் விலக்கினார்கள். எதிரெதிராகத் தெரிந்தாலும் இரண்டிலும் நடந்தது ஒன்றே: அந்தப் பெண்ணிடம் யாரும் பேசவில்லை. சேர்ப்பதா விலக்குவதா என்பது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, யார் முடிவெடுப்பது.

வயிற்றில் இருக்கும் குழந்தை சம்மதம் சொல்ல முடியாதே என்று கேட்கலாம். முடியாதுதான். ஆனால் சோதிக்காத மருந்துக்கும் அது சம்மதம் சொல்லவில்லை, மருந்தில்லாத நோய்க்கும் சொல்லவில்லை. அதற்காக யாராவது முடிவெடுத்தே ஆக வேண்டும் என்றால், முழு விவரத்தையும் கையில் வைத்துக்கொண்டு அதன் அம்மா எடுப்பதைவிட நியாயமான ஏற்பாடு எனக்குத் தோன்றவில்லை. பாதியில் வேண்டாம் என்று எழுந்து போகும் உரிமையும் அவளுக்கு இருக்க வேண்டும்.

மகளுக்கு மூன்று வயது ஆன பிறகு ஒரு நாள் அவளிடம் கேட்டேன்: "அன்னிக்கு சோதனைல சேரறியான்னு கேட்டிருந்தா சேந்திருப்பியா?"

கொஞ்ச நேரம் யோசித்தாள். "தெரியல. ஆனா கேட்டிருக்கலாம்ல?"

நானாக இருந்தால் அன்றைக்கு வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். நல்லவேளை, அந்தக் கேள்வி என்னிடம் கேட்கப்பட வேண்டியது இல்லை.