மறுக்கும் நூலை மொழிபெயர்த்தல்

வழிநூலின் வகை கூறப்புகுந்த தொல்காப்பியர், தொகுத்தல், விரித்தல், தொகைவிரி என்பவற்றோடு மொழிபெயர்ப்பினையும் ஒன்றாக வைத்து வகை நான்கென்றார். எனவே, மொழிபெயர்த்தலென்பது சொல்லுக்குச் சொல் மாற்றிவைக்குந் தொழில் மாத்திரமன்று, நூல் செய்தலின் பாற்பட்டதே என்பது நம் மரபில் முன்னரே பெறப்பட்டது. மேனாட்டார் இதனை வேறொரு வாயிலாக அண்மையிலே வந்தடைந்தனர். சூசன் பாஸ்நெட், ஆந்திரே லெஃபெவர் என்னும் இருவர் 1990-இல் தொகுத்து வெளியிட்ட நூலில், மூலத்தையும் பெயர்ப்பையும் அருகருகே வைத்துச் சொல்லளவில் குறைநிறை காண்டல் போதாதென்றும், பெயர்ப்புத் தோன்றிய மக்களது பண்பாட்டினையே ஆராய்ச்சிக்கு அலகாகக் கொள்ளல் வேண்டுமென்றும் வற்புறுத்தினர். பொருளுதவினார் யாவர், படிப்பார் யாவர், எவ்வதிகாரத்தின்கீழ் அது நிகழ்ந்தது, எக்கருத்துக்கு இயைய மூலம் வளைக்கப்பட்டது என்பன இக்கொள்கையார் எழுப்பும் வினாக்கள்.

இவ்வினாக்கள் சித்தாந்தம் பயின்றார்க்கு வியப்புத் தருவனவல்ல. உயிர் சார்ந்ததன் வண்ணமாம் என்பது நமது துணிபு. அடுத்த பொருளின் நிறம் பளிங்கிற் பற்றுமாறுபோல, மொழிபெயர்ப்போனது அறிவிலும் அவன் சார்ந்த சமயம், கூட்டம், ஊதியம் என்பவற்றின் நிறம் பற்றும். ஆயினும் அந்நிறம் பளிங்கின் இயல்பாகாது. நிறமே உள்ளது, பளிங்கில்லை என்பார்க்கு, நிறத்தை நிறமென்று கண்டறிந்தவன் யாவனென்னும் வினாவிற்கு விடையில்லை. மேற்கூறிய கொள்கையை அளவிறந்து கொண்டுசெல்வார் சிலர் இவ்விடத்தே இடர்ப்படுகின்றனர்.

அது நிற்க. தான் மறுக்கும் நூலொன்றனை ஒருவன் மொழிபெயர்க்கலாமோ, பெயர்ப்பின் எவ்வாறு பெயர்த்தல் வேண்டும் என்பதே ஈண்டு ஆராயற்பாலது. இதற்கு நம்மவரிடத்தேயே தக்கதொரு சான்று உண்டு.

யாழ்ப்பாணத்து நல்லூர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் (1822–1879) வெசிலியன் மிசியோன் பாடசாலையிற் கற்று, அங்கேயே ஆசிரியராயமர்ந்து, பீற்றர் பேர்சிவல் பாதிரியார் செய்த விவிலியத் தமிழ்மொழிபெயர்ப்பிற்குத் துணைபுரிந்தார். அக்காலத்தேயே வண்ணார்பண்ணைச் சிவன்கோயிலிற் சைவப்பிரசங்கமுந் தொடங்கினார். 1848-இல் அவ்வேலையைத் துறந்து அவ்வூரிற் சைவ வித்தியாசாலை நிறுவினார். அவர் கைபட்ட பெயர்ப்பு 1850-இல் அச்சேறியது.

அச்சேறியும் அது நிலைபெறவில்லை. தமிழ்ப் புரொட்டஸ்டண்டு மக்கள் பப்ரீசியுஸ் பாதிரியாரது பழைய பெயர்ப்பினை நெடுங்காலம் ஓதிவந்தவராதலின், புதிய நடை அவர் செவிக்கு ஏலாதாயிற்று. பின்னர் ஹென்றி பவர் முதலானோர் செய்த 1871-ஆம் ஆண்டுப் பெயர்ப்பே அவர்களிடை நிலவலாயிற்று. இறைவன் பெயரொன்றை நோக்கினும் இப்போராட்டம் விளங்கும். கத்தோலிக்கர் சர்வேசுரன் என்றனர். பப்ரீசியுஸ் பராபரன் என்றார். 1871-இல் தேவன் என்பது நின்றது. 1995-இல் வெளிவந்த திருவிவிலியத்திற் கடவுள் என்பது காணப்படும். இவற்றுள் எதுவும் புதிதாக ஆக்கிய சொல்லன்று. தாயுமான சுவாமிகள் பாடியருளியவற்றுள் ஒன்றற்குப் பராபரக்கண்ணியென்பதே பெயர். தேவனென்றாலோ நமக்கு இந்திரன் முதலாயினாரே முன்வந்து நிற்பர். முழுமுதலைக் குறிக்க அச்சொல் மெலிதென்பது என் கருத்து. ஆயினும் ஒரு சபையாருக்கு வழக்கமே பொருளைத் தருகின்றது. ஹெப்சிபா இஸ்ரேல் என்னும் ஆராய்ச்சியார் 2011-இல் வெளியிட்ட நூலில் இச்சொல்வழக்குகளின் வரலாற்றை விரித்துள்ளார். பண்பாட்டுக் கொள்கை நன்கு பயன்படுமிடம் இதுவே.

இனி நாவலர் செய்கையை நோக்குவோம். பகைவர் கையில் வாளைத் தீட்டிக் கொடுத்தாரெனக் குறைகூறுவாருஞ், சம்பளத்தின்பொருட்டுச் செய்தாரென அமைதி கூறுவாரும் நம்மவருள் உளர். இருதிறத்தாரும் சிவஞான சித்தியார் பரபக்கத்தை மறந்தனர். அருணந்தி சிவாசாரியார் உலகாயதன் முதற் பாஞ்சராத்திரி ஈறாகப் பதினான்கு மதத்தாரை எடுத்து, ஒவ்வொருவர் கொள்கையையும் முதற்கண் அவரவரே பேசினாற்போல நிறுத்தி, அதன்பின்னரே மறுத்தார். யான் இளமையிற் பரபக்கம் பாடங்கேட்டபோது என் ஆசிரியர், உலகாயதன் கூற்றை அவனே கேட்பின் ‘ஆம், இதுவே என் கருத்து’ என்று தலையசைக்குமாறு சொல்லிக்காட்டும்வரை மறுதலைச் செய்யுளுக்கு ஏட்டைப் புரட்டவிடார். அச்செய்யுட்களில் ஒரு கிழமை நின்றதுண்டு. வாய் புலால் நாறுகின்றதென்று உடன்பயின்றார் நகையாடினர்.

பிறன் கருத்தை அவன் ஒப்புமாறு உரைத்தலும் ஒருவகை மொழிபெயர்ப்பே. வேறுபாடு ஒன்றுண்டு: பரபக்கத்தில் மறுதலை அடுத்த செய்யுளிலேயே நிற்கின்றது, மொழிபெயர்ப்பில் நூலினுள்ளே மறுதலைக்கு இடமில்லை. அங்ஙனமாயின் நாவலர் மறுதலை எங்கே? 1854-இல் அவர் வெளியிட்ட சைவதூஷணபரிகாரமே அது. சைவர்தங் கோயில், அபிடேகம், தூபம், தீபம் முதலியவற்றை இகழ்ந்த பாதிரிமார்க்கு, அவர்தம் பழைய ஏற்பாட்டிலே ஆசாரியனும் பலிபீடமும் தூபமும் விளக்கும் விதிக்கப்பட்டிருத்தலை அந்நூலில் எடுத்துக்காட்டினார். அவ்விதிகள் நிரம்பிய புத்தகம் தமிழில் லேவியராகமம் என்றே வழங்குதல் கருதற்பாலது; ஆகமமென்னும் நம் சொல் அங்கே சென்று அமர்ந்தது.

பொருளுதவினோர் நோக்கமே பெயர்ப்பினை ஆளுமென்னுங் கொள்கை இங்கே பாதிதான் பொருந்துகின்றது. மிசியோன் பொருள்கொண்டு செய்த பணியினின்று பெற்ற அறிவு மிசியோனுக்கு விடையாயிற்று. அவ்விடை வலிமைபெற்றதோ, மூலத்தை உள்ளவாறு அறிந்தமையாலேயாம். ஆசாரியன் செய்யுஞ் சடங்கினைச் சைவமென்று தோன்றுமாறு திரித்தேனும், நகைக்குமாறு சிதைத்தேனும் உரைத்திருப்பின், பின்னர் அதனையே சான்றாகக் காட்ட அவர்க்கு இடமிராது.

இதற்கு மறுதலையாகப், பிறரால் நம் நூல் பெயர்க்கப்பட்டதனையுங் காண்க. யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டைச் செமினரியிலிருந்த ஹொய்சிங்டன் என்னும் அமெரிக்கப் பாதிரியார், தத்துவக்கட்டளை, சிவஞானபோதம், சிவப்பிரகாசம் என்னும் மூன்றனையும் ஆங்கிலத்திற் பெயர்த்தார். அவை அமெரிக்க ஓரியன்டல் சங்கத்து இதழில் அதே 1854-ஐ ஒட்டி வெளிவந்தன. உள்ளிருந்து உணர்ந்தோராகிய ஜே. எம். நல்லசாமிப் பிள்ளையவர்களது சிவஞானபோத ஆங்கிலப் பெயர்ப்பு 1895-இல் வந்தபோதே சைவர்க்கு மனநிறைவு உண்டாயிற்று. ஆயினும் முன்னவரது உழைப்பை இகழ்தல் நன்றன்று; நாவலர்க்கு நாம் தரும் நீதியை ஹொய்சிங்டனுக்குந் தருதல் வேண்டும்.

நம் பிழையும் நோக்கற்பாலது. ஆணவமலத்தைக் கிறித்தவர் கூறும் ஆதிபாவத்தோடு ஒன்றாக்கி எழுதுங் கட்டுரைகள் நம் சபைகளிலும் படிக்கப்படுகின்றன. ஆதிபாவம் முதல் மனிதன் செய்த குற்றத்தால் வந்தது; அதற்குத் தொடக்கமுண்டு. ஆணவமோ செயலன்று, செம்பிற் களிம்புபோல அநாதியே உயிரைப் பற்றியது. பாவமென்று நாம் சொல்லுவது கன்மத்தின் பாற்படும். இரண்டனையும் ஒன்றாக்குவோன் முதலிற் கிறித்தவர் நூலைத் திரிக்கின்றான். உடன்தானே நம் நூலையுந் திரிக்கின்றான். ‘கிருபை’யைச் சத்திநிபாதமென்று கொண்டு, அதனை எளிதின் மறுத்துவிட்டதாக மகிழ்வாரும் இவ்வினத்தவரே, அவர் மறுத்தது கிறித்தவர் கொள்கையன்று, தாம் செய்த மொழிபெயர்ப்பையே.