குளிர் யாருடையது?

பெருங்குடல் புற்றுநோய்க்குத் தரப்படும் ஆக்சாலிபிளாட்டின் உடலில் ஏறிய சில மணி நேரத்திலேயே பலருக்குக் குளிர் பகையாகிவிடுகிறது. நரம்பிழைகளின் சோடியம் வாயில்களை மருந்து குலைப்பதே முக்கியக் காரணம் எனக் கருதப்படுகிறது. ஃபிரிட்ஜில் இருந்த பாத்திரத்தைத் தொட்டால் விரல் சுரீரென்கிறது. ஐஸ் தண்ணீரை விழுங்கினால் தொண்டை அடைத்து மூச்சே நின்றுவிடும்போல் இருக்கிறது. மூச்சுப்பாதையோ பெரும்பாலும் திறந்தே கிடக்கும். பொதுவாகச் சில நாட்களில் இந்தக் குளிர்ப்பகை தணியும்.

ஒரே நீர் ஒரு கைக்குச் சூடாகவும் மறு கைக்குக் குளிராகவும் படுவதைக் காட்டி, குளிர் என்பது நீரின் குணமல்ல, உணர்பவரிடம் எழுவது என்றார் 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலத் தத்துவவாதி ஜான் லாக். இந்த நோயாளிகளின் அனுபவம் அவர் பக்கமே நிற்கிறது. அதற்காக ‘எல்லாம் பிரமை’ என்று தள்ளுவது அவசரம்: அடைப்பு இல்லாதிருக்கலாம், வேதனை இருக்கிறது.

உடல்வலியை முதல் அம்பாகவும், அதன்மேல் மனம் வளர்க்கும் துயரத்தை இரண்டாம் அம்பாகவும் பிரிக்கிறது பௌத்தத்தின் சல்லத்த சுத்தம் என்னும் போதனை. முன்கூட்டியே விளக்கிச் சொல்லும் மருத்துவர் இரண்டாவதைத்தான் தடுக்கிறார். முதலாவதற்குக் கையுறையும் வெந்நீரும் வேண்டும். இதே மருந்து மெய்யான ஒவ்வாமையையும் உண்டாக்கக்கூடும் என்பதால், மூச்சடைப்பதாகச் சொல்பவரைச் சோதித்தே ஆகவேண்டும்.