செலவும் விரயமும்

ஒரு பொருளை ஒரே முறை பயன்படுத்திவிட்டு எறிந்துவிடுவது விரயம் ஆகுமா? ஒளுச் செய்யும் நீரையும் அளந்து செலவிடப் பழகிய நம் இல்லங்களில் இவ்வினா எழுவது இயல்பே.

புதுச்சேரிக் கடற்கரையில் நின்று நாம் காணும் வங்கக் கடலின் ஓரத்திலேயே, வடக்கே ஸ்ரீஹரிகோட்டா இருக்கின்றது. 2023 ஜூலை 14 அன்று அங்கிருந்து சந்திரயான்-3ஐச் சுமந்து எழுந்த எல்.வி.எம்.-3 ஏவூர்தியின் எடை ஏறத்தாழ 640 டன். அது சுமந்த கலமோ 3,900 கிலோதான். எஞ்சியதில் பெரும்பகுதி எரிபொருள். அது தீரத் தீர ஏவூர்தியின் பகுதிகள் கழன்று வீழ்ந்தன. அவற்றுள் ஒன்றும் மறுமுறை பறப்பதற்கில்லை.

அதன் நடுக்கட்டத்தை உந்திய விகாஸ் எந்திரம், பிரெஞ்சு நாட்டின் வைக்கிங் எந்திரத்தின் வழிவந்தது. 1974இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி நம் பொறியாளர்கள் அந்நாடு சென்று உழைத்துக் கற்ற கலை அது. எந்திரம் கடலில் வீழ்ந்தது, கலை வீழவில்லை. கலமும் 2023 ஆகஸ்டு 23 அன்று நிலவில் இறங்கியது. நோக்கம் நிறைவேறிய செலவை விரயம் என்று எவ்வாறு கூறுவது?

எனினும் இத்துடன் வழக்கு முடிந்துவிடவில்லை. அமெரிக்காவின் ஃபால்கன்-9 ஏவூர்தியின் முதற்கட்டம் 2015இல் பத்திரமாகத் தரையிறங்கியது. 2017 முதல் மீண்டும் பறக்கின்றது. திரும்பி வருவதற்கும் எரிபொருளை மிச்சம் வைக்க வேண்டுமாதலால், ஏற்றும் சுமை குறையும் என்பது உண்மையே. ஆயினும் வேறு வழி இல்லாதபோது செலவாக இருந்தது, வழி பிறந்தபின் விரயமாக மாறிவிடக்கூடும்.

எறிந்த பொருள் எங்கே வீழ்கின்றது என்பதும் அறத்தைச் சேர்ந்ததே. 2023 ஜூலையில் மேற்கு ஆஸ்திரேலியக் கரையில் ஒரு பெரிய உருளை ஒதுங்கியது. அது பெரும்பாலும் நம் பி.எஸ்.எல்.வி. ஏவூர்தியின் பகுதியே என அந்நாட்டு விண்வெளி நிறுவனம் அறிவித்தது. நம் வீட்டுக் குப்பை அண்டை வீட்டு வாசலில் கிடந்தால் நாம் வாளாவிருப்போமா?

மனிதரை விண்ணுக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்திற்காக 2023 அக்டோபர் 21 அன்று ஒரு சோதனை நடந்தது. ஏவூர்தி கடலுக்குப் போயிற்று. மனிதர் அமர வேண்டிய கூண்டையோ, அன்று அது வெறுங்கூண்டாயினும், பிரித்துக் காத்து மீட்டெடுத்தனர். செலவிடத் தக்கது எது, தகாதது எது என்பதில் அங்கே ஐயமில்லை. நம்மை மேலேற்றிவிட்டுத் தளர்ந்துபோன முதியோரையும் உழைப்பாளரையும் பயன் முடிந்த பொருளாய்க் கழற்றிவிடும்போதுதான், திருத்தவியலாத விரயம் நம்மிடையே நிகழ்கின்றது.