சமாரியாவின் நடுவே ஒரு பந்தி



இந்த மாதம் ஒரு அறிக்கையோடு ஆரம்பிக்கிறேன். 9.5.2025 வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் இருந்தவர்களுக்கு இது தெரியும். ஏப்ரல் 22-ல் பஹல்காமில் 26 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மே 7-ல் நம் சேனை பதிலடி கொடுத்தது. எல்லையில் குண்டு விழுந்துகொண்டிருந்த நேரம் அது. ஒரகடத்தில் ஷிப்டு முடித்து நேராக சபைக்கு வந்த ஒரு வாலிபத் தம்பி எழுந்து, "ஆண்டவரே, அந்தத் தேசமே இல்லாம துடைச்சுப் போடும்" என்று சத்தமாய் ஜெபித்தான். சபை ஆமென் என்றது. மைக்கைப் பிடித்துக்கொண்டு எல்லாருக்கும் முன்னே ஆமென் சொன்னவன் நான்தான்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆவியானவர் என்னை 1991-க்குக் கொண்டுபோனார்.

அப்போது எனக்குப் பத்து வயசு. மே 21 இரவு பத்து மணிக்கு மேல், நம்ம படப்பையிலிருந்து ஒரகடம் வழியாகப் போனால் எட்டிவிடுகிற ஸ்ரீபெரும்புதூரில், தேர்தல் கூட்டத்துக்கு வந்த முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தி மனித வெடிகுண்டால் கொல்லப்பட்டார். அவரோடு பத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. பந்தோபஸ்துக்கு நின்ற போலீஸ்காரர்களும் அதில் உண்டு. விடிந்தால் பஸ் இல்லை, கடை இல்லை. பெரியவர்கள் திண்ணையில் குசுகுசுவென்று பேசினார்கள்.

பிரியமானவர்களே, அந்தக் குண்டு எங்கிருந்து நடந்து வந்தது? 29.7.1987-ல் கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். மறுநாளே, அணிவகுப்பு மரியாதையில் நின்ற இலங்கைக் கடற்படை சிப்பாய் ஒருவன் துப்பாக்கியைத் திருப்பி நம் பிரதமரை அடித்தான். சமாதானம் காக்கப் போன நம் படை, அக்டோபரில் புலிகளோடு யுத்தத்தில் நின்றது. 1990 மார்ச்சில் கடைசி வீரன் கப்பல் ஏறும்போது, ஏறக்குறைய 1,200 பேரை அங்கே இழந்திருந்தோம். யாழ்ப்பாணத்துத் தாய்மாரும் அழுதார்கள், நம் தாய்மாரும் அழுதார்கள். ஒப்பந்தம் சரியா தப்பா என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆள் இல்லை. ஆனால் ராஜாக்கள் மேஜையில் எழுதுவது என்றைக்காவது நம் வயல்காட்டுக்கு வந்து சேரும். "வெளிநாட்டு விவகாரம் நமக்கெதுக்கு பாஸ்டர்?" என்று கேட்கிறவர்கள் ஒருநாள் அந்த நினைவிடத்தில் போய் நின்று பாருங்கள்.

இனிதான் என் பாவம். எங்கள் தெருவில் ஒரு இலங்கைத் தமிழ்க் குடும்பம் வாடகைக்கு இருந்தது. அந்த அக்கா எனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள். அந்த வாரத்தில் பையன்கள் சேர்ந்து அவர்கள் வீட்டு ஓட்டின்மேல் கல் எறிந்தோம். நானும் எறிந்தேன். கொஞ்ச நாளில் அவர்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டார்கள். எங்கே என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை நான் சொன்ன ஆமென், அந்தக் கல்தான்!

வேதத்தைத் திறவுங்கள், 2 இராஜாக்கள் 6-ம் அதிகாரம். சீரியாவின் ராஜா பதிவிருக்கப் போகும் இடத்தையெல்லாம் எலிசா முன்கூட்டியே இஸ்ரவேலின் ராஜாவுக்குச் சொல்லி அனுப்புகிறான். இன்றைக்கு உளவுத்துறை செய்கிற வேலை! ஆகையால் தேசத்தைக் காப்பது விசுவாசத்துக்கு விரோதம் என்று ஒருவரும் சொல்ல வேண்டாம். ரோமர் 13-ல் பவுல், அதிகாரி பட்டயத்தைச் சும்மா பிடித்திருக்கவில்லை என்கிறார். பனியில் நிற்கிற ஜவானுக்காக முழங்கால் போடாத சபை என்ன சபை?

ஆனால் அதே எலிசா அடுத்து என்ன செய்தான்? தன்னைப் பிடிக்க தோத்தானுக்கு வந்த படையின் கண்கள் மயங்கும்படி ஜெபித்து, அவர்களைச் சமாரியாவின் நடுவே கொண்டுவந்து நிறுத்தினான். ராஜாவுக்குக் கை துறுதுறுக்கிறது. வெட்டவா, வெட்டவா என்று இரண்டுதரம் கேட்கிறான். தீர்க்கதரிசி வேண்டாம் என்றான். அப்பமும் தண்ணீரும் வைக்கச் சொன்னான். ராஜா பெரிய விருந்தே பண்ணி அனுப்பிவிட்டான். அதற்குப் பின் அந்தக் கொள்ளைக் கூட்டங்கள் இஸ்ரவேலுக்குள் வரவில்லை. அல்லேலூயா!

வேதம் படிக்கிற ஒரு சகோதரர் என்னைப் பிடித்துக்கொண்டார். "பாஸ்டர், அடுத்த வசனத்திலேயே பெனாதாத் சேனையோடு வந்து சமாரியாவை முற்றிக்கை போட்டானே?" உண்மைதான், மறைக்க முடியாது. ஒரு விருந்து என்றென்றைக்கும் சமாதானம் வாங்கித் தரவில்லை. ஆனால் அந்த இடைவெளியில் எத்தனை அறுப்பு வீடு வந்து சேர்ந்திருக்கும், எத்தனை பிள்ளைகள் தகப்பனைப் பார்த்து வளர்ந்திருக்கும்! 1 தீமோத்தேயு 2-ல் ராஜாக்களுக்காக ஜெபிக்கச் சொல்லுகிறதும் இந்த அமைதலான ஜீவியத்துக்காகத்தானே.

ஜென்ம விரோதி என்று யாரையும் நாம் எழுதி வைக்கக்கூடாது. 22.9.1914 இரவில் எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் சென்னைத் துறைமுகத்தில் குண்டு போட்டு எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியது. பொல்லாதவனை இன்றும் "சரியான எம்டன்" என்கிறோமே, அது அந்தக் கப்பலின் பெயர்தான். அதே ஜெர்மன்காரர்களின் கம்பெனி 2012 முதல் நம்ம ஒரகடத்தில் லாரி செய்கிறது. அவர்கள் கொடுக்கும் சம்பளத்தில் நம் சுற்றுவட்டாரத்தில் எத்தனை வீட்டில் உலை கொதிக்கிறது!

மே 10 சனிக்கிழமை மாலை சண்டை நிறுத்தம் என்று செய்தி வந்தது. மறுநாள் ஆராதனையில் சபைக்கு முன் மன்னிப்புக் கேட்டேன். அந்தத் தம்பியும் அழுதான். ஜம்முவில் மகன் பட்டாளத்தில் இருக்கிற சகோதரி ஒருவர் நம் சபையில் உண்டு. அவர்களை ஜெபிக்கச் சொன்னேன். ரொம்ப நேரம் பேச்சு வரவில்லை. பிறகு மெதுவாய் ஜெபித்தார்கள்: "அப்பா, எம் புள்ளய காப்பாத்தும். அந்தாண்ட பக்கம் ஒருத்தி போனையே பாத்துக்கினு உக்காந்திருப்பா, அவ புள்ளயையும் காப்பாத்தும்."