சம்பளமும் சன்மானமும்

2016 டிசம்பரில் நைஜீரியப் பெண்கள் காற்பந்துக் குழு ஆப்பிரிக்கக் கிண்ணத்தை வென்று அபுஜாவுக்குத் திரும்பியது. பேசியபடி போனஸ் வரவில்லை. விளையாட்டாளர்கள் ஹோட்டலைக் காலி செய்யவில்லை, கிண்ணத்தையும் ஒப்படைக்கவில்லை. நாடாளுமன்றம்வரை பதாகையோடு நடந்துபோன பிறகுதான் பணம் வந்தது. 2004-இல் வென்றபோதும் இதே கதைதான். அப்போது தென்னாப்பிரிக்காவில் ஒரு ஹோட்டல்.

ஆண்களுக்கும் பாக்கி வைப்பார்கள். 2014 உலகக் கிண்ணத்தில் கானாவின் ஆண்கள் குழு காசு கேட்டு முரண்டு பிடித்தது. அரசாங்கம் 3 மில்லியன் டாலரை ரொக்கமாக விமானத்தில் பிரேசிலுக்கு அனுப்பியது. யாருடைய கோபத்துக்கு விமானம் பறக்கிறது என்பதில்தான் வித்தியாசம் தெரிகிறது.

மாமாக் கடையில் இதைப் பேசினால் உடனே பதில் வரும்: “பொம்பளைங்க ஆட்டத்த யாரு பாக்குறா? வருமானம் இருந்தாத்தானே காசு குடுக்க முடியும்?”

பரிசுத் தொகைக்கு வேண்டுமானால் இந்த வாதம் ஓரளவு பொருந்தும். 2024 தொடக்கத்தில் ஆப்பிரிக்கக் கிண்ணத்தை வென்ற ஐவரி கோஸ்ட் ஆண்கள் குழுவுக்கு 7 மில்லியன் டாலர். 2025-இல் வென்ற நைஜீரியப் பெண்கள் குழுவுக்கு 1 மில்லியன். ஆனால், பேசி முடித்த போனஸ் சந்தை விஷயமல்ல, கடன். எத்தனை பேர் டிவி பார்த்தார்கள் என்று எண்ணிவிட்டா கடனை அடைக்கிறோம்?

அந்தச் சந்தையும் தானாக உருவானதில்லை. 2023 உலகக் கிண்ணத்துக்குமுன், திடல் சரியில்லை, போனஸ் முடிவாகவில்லை என்று தென்னாப்பிரிக்கப் பெண்கள் போட்ஸ்வானாவுக்கு எதிரான ஆட்டத்தைப் புறக்கணித்தார்கள். சங்கம் 13 வயதுப் பெண்ணையும் சேர்த்து ஒரு மாற்றுக் குழுவை இறக்கியது. 5-0 தோல்வி. இப்படி நடத்திவிட்டு, ஆட்டம் பார்க்க ஆளில்லை என்பது என்ன நியாயம்?

அந்தச் சிக்கலைத் தீர்த்தது சங்கம் இல்லை. ஆப்பிரிக்கக் காற்பந்துச் சம்மேளனத் தலைவர் மொட்செபேயின் குடும்ப அறக்கட்டளை 6 மில்லியன் ராண்ட் கொடுத்தது. 2025-இல் நைஜீரிய அதிபர், வென்ற பெண்கள் ஒவ்வொருவருக்கும் 100,000 டாலரும் ஓர் அடுக்குமாடி வீடும் அறிவித்தார். அவர்கள் அதற்கு முழுத் தகுதி உள்ளவர்கள். இறுதி ஆட்டத்தில் மொரோக்கோவிடம் 2-0 எனப் பின்தங்கி, 3-2 என வென்றவர்கள்.

இருந்தாலும் எனக்கு உறுத்துகிறது. நான் கட்டுமானத் துறையில் வேலை செய்கிறவன். வேலை முடிந்தால் பில் போடுவோம், பணம் வரவேண்டும். யாரும் “பெரிய மனசு பண்ணிக் குடுத்தாரு” என்று சொல்ல மாட்டோம். சன்மானம் அப்படியல்ல. கொடுப்பவரின் மனம் குளிரவேண்டும், வாங்குகிறவர் மேடையேறி நன்றி சொல்லவேண்டும், அடுத்த ஆண்டு கிடைக்குமா என்று கேட்கக்கூடாது.

எல்லாவற்றுக்கும் மேல், வென்றால்தான் சன்மானம். அரையிறுதியில் தோற்ற பெண்ணும் அதே அளவு ஓடியிருக்கிறாள், அதே முழங்காலைத்தான் பணயம் வைத்திருக்கிறாள். அவளுக்கு மாளிகையிலிருந்து அழைப்பு வராது. அவளுக்குத் தேவை ஒப்பந்தத்தில் எழுதிய தொகை, எழுதிய தேதியில்.